பாசிக்கு அடியில் ஒரு காகம்

நம்முடைய வயதுக்காரர் நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்தால் பேச்சு எப்படியும் பனியில் போய் விழும். கலியாண வீடோ செத்த வீடோ, சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒருவர் தொடங்குவார்: "நாங்கள் வந்த வருசம் ஸ்னோ இடுப்பளவு." வருடத்துக்கு வருடம் அந்தப் பனி உயர்ந்துகொண்டே போகிறது. போன தடவை கேட்டபோது நெஞ்சு மட்டத்துக்கு வந்திருந்தது. நானும் தலையாட்டிக் கேட்கிறேன், ஒருவரையும் குறுக்கே மறிப்பதில்லை. ஆனால் என்னிடம் கேட்டால் நான் பனியைச் சொல்ல மாட்டேன். எனக்கு மொன்றியல் என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு கோடைகாலமும், ஒரு கல்லும், நனைந்த பாசியின் மணமும்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மொன்றியலில் வில்லரே என்கிற பகுதியில் இருந்தோம். வெளியே இரும்புப் படி சுற்றிச் சுற்றி ஏறும் வீடு, இரண்டாம் மாடி. அம்மா ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் நின்றார். அப்பாவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த கோயிலில் வேலை. கோயில் என்று நான் சொல்வது எங்கள் கத்தோலிக்கக் கோயிலை. நிலம் கூட்டுவது, மெழுகு சுரண்டுவது, மணியடிப்பது, பனிக்காலத்தில் வாசல் பனி வழிப்பது எல்லாம் அவர்தான். ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். அதைப் பற்றி அவர் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. மணியடிப்பதில் அவருக்கு உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்தக் கோயிலின் பின்வளவில் ஒரு கற்சிலுவை நின்றது. நீங்கள் நினைக்கிற சிலுவை இல்லை. இரண்டு ஆள் உயரம், தலையைச் சுற்றி ஒரு கல் வளையம், உச்சி முதல் அடி வரை ஒரு விரல் வைக்க இடமில்லாமல் செதுக்கு வேலை. ஒருகாலத்தில் அந்தக் கோயிலின் பங்கில் நிறைந்திருந்த ஐரிஷ் ஆட்கள், தங்கள் ஊரில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக நிற்கும் ஒரு சிலுவையைப் பார்த்து, இங்கத்தைய சாம்பல் கல்லில் அச்சொட்டாகச் செய்து நிறுத்தியது. நாங்கள் போன காலத்தில் ஐரிஷ் ஆட்கள் போய்விட்டார்கள், சிலுவை நின்றது. பாசி மூடி, கொடி ஏறி, இடையிடையே தேமல் மாதிரி வெள்ளை படர்ந்து, தூரத்தில் பார்த்தால் ஒரு பட்ட மரம் போலத்தான் தெரியும்.

எங்கள் சுவாமி, அதாவது பங்குக் குருவானவர், வயதான கியூபெக்காரர். நெட்டை. அவருக்கு அந்தச் சிலுவையில் ஒரு பைத்தியம். ஆவணி மாதத்து மாதா திருநாளுக்கு முன் அதைத் துப்புரவாக்க வேண்டும் என்று வைகாசியில் அப்பாவிடம் சொன்னார். சவர்க்காரம் கூடாது, கம்பி பிரஷ் கூடாது, சுரண்டக் கூடாது, தண்ணீரும் மெதுவான பிரஷும் மட்டும். பிரெஞ்சு எனக்குத்தான் வரும் என்பதால் நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். அப்பா எல்லாவற்றுக்கும் "உய், மோன் பேர், உய்", ஓம் சுவாமி ஓம், என்றார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம், "பிள்ளை, அவ்வளவு சின்னச் சந்துக்குள்ள என்ன பிரஷ் போகும்?" என்று கேட்டார்.

பல் விளக்கும் பிரஷ்தான் போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. முதலில் எங்கள் வீட்டுப் பழையவை. பிறகு கீழ்வீட்டுக்காரர், அம்மாவோடு வேலை செய்தவர்கள், ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு வருபவர்கள். ஆளுக்கு ஆள் பழைய பிரஷைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அப்பா வைத்திருந்தார். மூடியைத் திறந்தால் ஊர்ப்பட்ட பற்பசை வாசமும் கலந்து வரும். யாருடைய பல் தேய்த்தது யாருடைய முகத்தைத் தேய்க்கிறது என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த டின் பிறகு எந்த வீடு மாறலில் தொலைந்தது என்று தெரியாது. இன்றைக்கும் எனக்கு அது வேண்டும் போல இருக்கிறது.

பாசி ஊறிக் கழன்று வர, உள்ளேயிருந்து ஒவ்வொரு படமாக வெளியே வந்தது. சிலுவையின் தண்டு முழுக்கச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். நாங்கள் அதைப் பெட்டி என்போம். "இண்டைக்கு ஒரு பெட்டி முடிப்பம்" என்று அப்பா தொடங்குவார். முதற்பெட்டியில் ஒரு மரம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள், நடுவில் பாம்பு. அதில் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆதாமும் ஏவாளும். அடுத்ததில்தான் வீட்டில் சண்டை வந்தது. சண்டை பிடித்தது பெரியம்மா.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் மூத்த சகோதரி. அம்மா அப்பாவை விரும்பிக் கட்டியபோது கத்தோலிக்க வேதத்துக்கு மாறினார். பெரியம்மா சைவமாகவே இருந்தார், ஆனால் மாறியவரோடு ஒருநாளும் கோபித்ததில்லை. அந்த வருடம் சித்திரையில்தான் அப்பா கூப்பிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார். வர மனமில்லாமல் வந்தவர். காரணம் பெரியப்பா. தபால் கந்தோரில் வேலை செய்த மனிதர், யுத்தம் நடந்த காலத்தில் ஒருநாள் காலை சைக்கிளில் வேலைக்குப் போனார். சைக்கிள் ஒரு சந்தியில் சாத்தியபடி நின்றது, ஆள் இல்லை. பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார்கள் சிலர். தப்பி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். வருடங்கள் போயும் ஒரு செய்தியும் இல்லை. திரும்பி வந்தால் பூட்டிய வீட்டைப் பார்த்துப் பதறுவாரே என்று, வீட்டுத் திறப்பையும் எங்கள் வில்லரே விலாசத்தையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் பெரியம்மா விமானம் ஏறினார். பொட்டும் தாலியும் அவரிடம் அப்படியே இருந்தன.

பகலில் வீட்டில் தனியே இருக்க முடியாமல் அவரும் எங்களோடு கோயில் வளவுக்கு வருவார். வாங்குப் பலகையில் இருந்துகொண்டு எங்கள் வேலைக்குக் குறை சொல்வார். இரண்டாம் பெட்டி துலங்கியபோது நடுவில் ஒரு ஆள், இரண்டு பக்கமும் எழும்பி நின்று அவருடைய தோளை முகர்கிற மாதிரி இரண்டு மிருகங்கள்.

"டானியேல்," என்றார் அப்பா. "சிங்கக் குகை."

பெரியம்மா எழும்பி வந்து குனிந்து பார்த்தார். "சிங்கமாம் சிங்கம். வாலைப் பாருங்கோ தம்பி, சுருண்டு கிடக்கு. உது நாய். இது வைரவர்."

"அக்கா, வைரவருக்குச் சிலுவையில என்ன வேலை?"

"அதை அவரிட்டைக் கேளுங்கோ."

நான் போய்ச் சுவாமியைக் கேட்டேன். அவரும் டானியேல் என்றுதான் சொன்னார். பெரியம்மா அசையவில்லை. "அந்த மனிசன் நாய் வளர்த்திருக்க மாட்டார்" என்று முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் வைரவர் பெட்டிதான். அப்பாகூட அவசரத்தில் அப்படித்தான் சொல்வார்.

எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, அடிக்கல்லில் படுத்திருந்த இரண்டு பூனைகள். ஒன்று தன் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு மனிதன், வேதப் படங்களெல்லாம் செய்து முடித்த களைப்பில், யாரும் கேட்காமல் இரண்டு பூனையை வைத்திருக்கிறான் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு அவனில் அன்பு வருகிறது. மற்றது, பின்னல் பெட்டி. படமே இல்லை, வெறும் கயிறு. மேலே போய், கீழே நுழைந்து, முறுகி, வளைந்து, பெட்டி முழுக்க ஓடும். தலைப்பு எங்கே என்று விரலால் ஓடிப் பார்ப்பேன். ஓடி ஓடி, தொடங்கின இடத்துக்கே விரல் வந்துவிடும். பெரியம்மாவும் ஓடிப் பார்த்தார். "தலைப்பு வெளியில தெரிஞ்சா இழுபட்டு அவிழுமெல்லே. கெட்டிக்காரன், ஒளிச்சுப் போட்டான்" என்றார்.

அதோடு அவர் விடவில்லை. என்னைக் கல்லுக்கு முன்னால் இருத்தி, என் தலைக்கு மேலால் கல்லைப் பார்த்துப் பார்த்து, தலைமயிரை நாலாகப் பிரித்து அதே மாதிரி பின்னத் தொடங்கினார். பிழைத்தால் அவிழ்ப்பார், திரும்பப் பின்னுவார். எனக்குக் கழுத்து முறிந்துவிடும் போல இருந்தது. "ஆடாத, ஒரு புரி தப்பிப் போச்சு" என்று மண்டையில் குட்டு வேறு. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மடாம் என்னைத் திருப்பி நிறுத்தி, யார் பின்னியது என்று கேட்டார். சிலுவையைப் பார்த்துப் பின்னியது என்றேன். எனக்குப் பிரெஞ்சு இன்னும் சரியாக வரவில்லை என்று மடாம் நினைத்திருக்க வேண்டும், தலையைத் தடவிவிட்டுப் போனார்.

இப்படிச் சிரிப்பும் கொழுப்புமாகப் போன காலத்தில், பெரியம்மாவிடம் ஒன்று மட்டும் இல்லாமல் இருந்தது. காகத்துக்குச் சோறு வைப்பது. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விரதமென்றால் வைப்போம், திவசமென்றால் வைப்போம். செத்துப்போனவர்கள்தான் காகமாக வந்து சாப்பிடுகிறார்கள் என்பது நம்முடைய ஆட்களின் எண்ணம். ஊரில் வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தவர் பெரியம்மா. பெரியப்பா காணாமல் போன கிழமையோடு நிறுத்திவிட்டார். சோறு வைத்து, காகம் வந்து கொத்திவிட்டால், வந்தது யார் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியை அவர் வாசலுக்கே விடவில்லை. இங்கே பல்கனியில் காகம் வந்து குந்தினால் துவாயை வீசிக் கலைப்பார். "உது அண்டங்காகம், எங்கட காகமில்லை" என்பார். கழுத்தில் சாம்பல் நிறம் இல்லாமல் முழுக்கக் கறுப்பாக இருப்பது அவருக்கு வசதியாகப் போயிற்று.

அம்மாவுக்கு இதில்தான் கவலை. அக்கா இப்படியே இருந்தால் புத்தி பேதலித்துவிடும், போனவர் போய்விட்டார் என்று ஒருநாள் அழுது தீர்த்தால்தான் ஆறும் என்று அப்பாவிடம் குசினியில் மெல்லச் சொல்வார். அவர் சொன்னது தப்பென்று இந்த வயதில்கூட என்னால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. அன்பில்தான் சொன்னார்.

ஆடி பிறக்கும் நேரம், அப்பாவும் நானும் தண்டின் நடுப்பெட்டியில் வேலை செய்துகொண்டிருந்தோம். பெரியம்மா அன்று வரவில்லை. இரண்டு கிழவர்கள் நேருக்கு நேர் கதிரையில் இருக்கிறார்கள், அவ்வளவும் துலங்கிவிட்டது. இருவருக்கும் நடுவில், மேலே, இன்னும் பாசி. அப்பா பிரஷை நனைத்துத் தேய்த்தார். திடீரென்று கை நின்றது.

"பிள்ளை, இஞ்ச வா. இது என்ன?"

"குருவி."

"குருவிக்கு இவ்வளவு பெரிய சொண்டோ?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். செட்டையை விரித்துத் தலைகீழாக இறங்கி வரும் பெரிய பறவை. சொண்டில் வட்ட ரொட்டி மாதிரி ஏதோ சாப்பாட்டுச் சாமான். கிழவர் இருவரும் அதற்குக் கை நீட்டுகிறார்கள்.

"காகம்," என்றேன்.

"மெல்லக் கதை," என்று அப்பா சுற்றிலும் பார்த்தார். "பெரியம்மாவுக்குச் சொல்லாத. இந்தப் பெட்டி இப்பிடியே கிடக்கட்டும்."

பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். கழற்றிப் போட்ட பாசியைப் பொறுக்கி எடுத்து, நனைத்து, வறட்டி தட்டுகிற மாதிரி அந்தப் பெட்டியில் திரும்ப ஒட்டினார். விழ விழ ஒட்டினார். அடுத்த நாட்களில் சுவாமி வந்து, எல்லாம் துலங்க இது மட்டும் ஏன் இப்படி என்று கை காட்டுவார். அப்பா, "தெமேன், மோன் பேர், தெமேன்" என்பார். நாளைக்கு, நாளைக்கு. மாதா திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, சுவாமியின் முகம் ஒவ்வொரு நாளைக்கும் கொஞ்சம் நீண்டது. பாவம் அப்பா, வேலை போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி அந்தப் பாசிக்குக் காவல் நின்றார்.

ஆனால் துப்புரவு பார்க்கிற ஒரு மனுசியை எத்தனை நாள் ஏமாற்றலாம்? ஒரு பின்னேரம் அப்பா ஒரு திருமணப் பூசைக்கு மணியடிக்க உள்ளே போயிருந்தார். பெரியம்மா வாங்கிலிருந்து எழும்பினார். "ஆம்பிளையள் சட்டி கழுவினா இப்பிடித்தான், ஒண்டை விட்டிட்டு வருவினம்" என்று சொல்லிக்கொண்டே டின்னிலிருந்து ஒரு பிரஷை எடுத்தார். நான் "பெரியம்மா, அப்பா செய்வார்" என்றேன். அவர் கேட்கவில்லை. தொட்டதும் பாசி ஒரே அடையாகக் கழன்று புல்லில் விழுந்தது.

பெரியம்மா கையில் பிரஷோடு அப்படியே நின்றார். பிறகு மெதுவாகப் புல்லில் இருந்தார். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்தது, அப்பாவின் சந்தோஷ மணி. மணி ஓய்ந்ததும், "சுவாமியைக் கூட்டிக்கொண்டு வா. இது என்ன எண்டு நான் கேக்கவேணும்" என்றார்.

பூசை முடித்த சுவாமி, வெள்ளை உடுப்போடே வந்தார். பெட்டி துலங்கியிருப்பதைப் பார்த்து அவருக்குப் பெரிய மகிழ்ச்சி. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் அவரும் புல்லிலேயே, முழங்கால் முறிய முறிய இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

"இந்தக் கிழவர் வனாந்தரத்துக்குள்ள தனிய இருந்தவராம். அவர் அங்க இருக்கிறது ஊரில ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"ம்."

"காகம்தான் ஒவ்வொரு நாளும் பாதிப் பாண் கொண்டு வந்து குடுத்ததாம். மற்றக் கிழவர் அவரைத் தேடிக்கொண்டு வந்தவராம். அவர் வந்த அண்டைக்குக் காகம் முழுப் பாண் கொண்டு வந்ததாம், ரெண்டு பேருக்கும்."

பெரியம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "காகம் கொண்டுவரேக்க அவர் உயிரோடயோ எண்டு கேள்."

கேட்டேன். சுவாமிக்குக் கேள்வி விளங்கவில்லை, திரும்பக் கேட்டேன். "உயிரோடுதான், நன்றாக உயிரோடு" என்றார்.

"எவ்வளவு காலம்?"

"அறுபது வருசமாம், பெரியம்மா."

"அறுபது வருசம்," என்றார் பெரியம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி, சீலையில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "சுவாமிக்கு மெர்சி சொல்லு" என்றார். அவர் வாயில் நான் கேட்ட முதல் பிரெஞ்சுச் சொல் அதுதான்.

மறுநாள் மத்தியானம் அவர் சமைத்து முடித்ததும் முதற்சோற்றை எடுத்து, கறி விட்டுப் பிசைந்து, ஒரு கிண்ணத்தில் வைத்து மூடினார். பின்சந்தில் இத்தாலியர் வீட்டு வேலிக்கு மேலால் தொங்கிய முந்திரிகைக் கொடியில், அதாவது திராட்சையில், ஒரு பெரிய இலை பறித்தார். சிலுவையின் அடியில் இலையை விரித்துச் சோற்றை வைத்து, கையைத் தட்டி "கா... கா..." என்று கூப்பிட்டார். முதலில் வந்தது அணில். குடையால் கலைத்தார். பிறகு புறா, அதையும் கலைத்தார். கடைசியில் அந்த முழுக் கறுப்புக் காகம் ஒன்று வளையத்தின் மேல் வந்து குந்தி, தலையைச் சரித்துப் பார்த்து, இறங்கி, ஒரு கவளத்தை அப்படியே கொத்திக்கொண்டு பறந்தது. "பார், இஞ்ச நிண்டு தின்னேல்லை. கொண்டு போகுது" என்றார் பெரியம்மா. அப்படி ஒரு வெளிச்சமான முகத்தை அவரிடம் நான் அதுவரை கண்டதில்லை.

அன்று முதல் தினமும் போனார். அப்பா கண்டார், அம்மாவிடம் சொன்னார். அம்மா குசினியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அக்கா காகத்துக்கு வைக்கத் தொடங்கிட்டா. அப்ப அவ ஏத்துக்கொண்டிட்டா" என்றார். நான் "அம்மா, அது அப்பிடியில்லை, சுவாமி சொன்னவர்" என்று தொடங்கினேன். "பேந்து சொல்லு, பிள்ளை" என்று என்னை அணைத்துக்கொண்டார். அந்த அணைப்புக்குள் நான் சொன்னது காணாமல் போனது. பிரெஞ்சுக் கடிதம் வந்தால் என்னைத்தான் தேடுவார்கள், டொக்டரிடம் போனால் என்னைத்தான் கூட்டிப்போவார்கள். பெரியம்மாவின் மனதில் என்ன என்று என்னிடம் கேட்கலாம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. அம்மா சந்தையில் லீவு சொன்னார். பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய், பாயசம் என்று விடியவே தொடங்கிவிட்டார். பெரியப்பாவின் சின்னப் படம் ஒன்றை அப்பா ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்து வைத்திருந்தார். சந்தையில் செவ்வந்திப் பூக்கன்றுகளாக வாங்கி, பூவைப் பறித்து, தானே ஊசி நூலால் கோர்த்து மாலையாக்கினார். ஒரு கத்தோலிக்க மனிதர் வேட்டி கட்டி உட்கார்ந்து, சைவச் சகலனுக்குத் திவச மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு அக்கறை அவருக்கு. தெரிந்த இரண்டு குடும்பத்தையும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மாவுக்கு மட்டும் சொல்லவில்லை, அவர் கோயிலுக்குச் சோற்றோடு போயிருந்த நேரம்தான் படம் சுவரில் ஏறியது.

நானும் பெரியம்மாவும் இரும்புப் படியேறி வந்தோம். வாசலில் சப்பாத்துக்கள். ஊதுபத்தி மணம். உள்ளே எல்லோரும் எழும்பி நின்றார்கள். பெரியம்மா படத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"இது என்ன?"

"இண்டைக்கு ஆடி அமாவாசையெல்லே, அக்கா," என்றார் அம்மா. "நீங்கள் காகத்துக்கு வைக்கத் தொடங்கினபடியால் நாங்கள் நினைச்சம்..."

"நான் அந்த மனிசனுக்குச் சாப்பாடு அனுப்புறன்," என்றார் பெரியம்மா. "நீங்கள் அவருக்குத் திவசம் செய்யிறியளோ?"

பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றினார். அறுக்கவில்லை, எறியவில்லை. இறங்கி, அதைச் சுருட்டி என் தலையில் வைத்து, ஊசியால் குத்திவிட்டார். பிறகு வந்திருந்தவர்களைப் பார்த்து, "ஏன் நிக்கிறியள்? இருங்கோ. நல்ல சமையல், என்ர தங்கச்சி செய்தது. விருந்தெண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ" என்று தானே பரிமாறத் தொடங்கினார். அவர்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போனபின் அப்பா என்னை வெளிப்படியில் இருத்திக் கேட்டார். "சுவாமி என்ன சொன்னவர்?" முழுவதையும் சொன்னேன். வனாந்தரம், பாதிப் பாண், அறுபது வருடம், உயிரோடா என்று பெரியம்மா கேட்டது எல்லாம். அப்பா கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "கணக்கை நான் தலைகீழாப் போட்டிட்டன்," என்றார். "அவவிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பெரியவர்கள் பிழைவிடுவார்கள் என்பதை அவர் வாயாலேயே நான் கேட்டது அன்றுதான். அவரை எனக்கு முன்னிலும் பிடித்துப்போனது.

பெரியம்மா அம்மாவோடு பேசவில்லை. அம்மா சமைப்பார், பெரியம்மா முதற்சோற்றை எடுப்பார், இரண்டு பேருக்கும் நடுவில் நான் உப்பையும் கரண்டியையும் கைமாற்றுவேன். ஒருநாள் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, யாரிடமும் கேட்காத மாதிரிக் கேட்டார்: "அத்தானுக்கு வயித்துப் புண்ணெல்லே. உறைப்புக் குறைச்சுப் போடட்டோ?"

பெரியம்மா கிண்ணத்தோடு நின்றார். "குறைச்சுப் போடு," என்றார். "தேங்காய்ப் பால் கூட விடு." அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கறி கனகாலம் உறைப்பில்லாமல்தான் இருந்தது. அப்பா மிளகாய்ப் பொரியலைத் தனியே கடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

மாதா திருநாளுக்குச் சிலுவை முழுக்கத் துலங்கி நின்றது. சுவாமி எல்லோருக்கும் ஒவ்வொரு பெட்டியாகக் காட்டினார். காகப் பெட்டிதான் எல்லாவற்றிலும் சுத்தம், பெரியம்மா தினமும் போகும்போது அதற்கென்று ஒரு பிரஷ் கொண்டுபோனார். இப்போது அந்தக் கோயில் இல்லை. விற்று, உள்ளே வீடுகளாகப் பிரித்துவிட்டார்கள். சிலுவையை ஒரு லொறியில் ஏற்றியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். எங்கே கொண்டுபோனார்கள் என்று நான் கேட்காத ஆளில்லை, தெரிந்த ஆளுமில்லை. ஐரிஷ் ஊர்ச் சிலுவைகளைச் சில நேரம் போனில் தேடிப் பார்ப்பேன். மழையிலும் காற்றிலும் பாதி முகங்கள் தேய்ந்து போயிருக்கின்றன. அந்த இரண்டு மிருகத்தைப் பற்றிப் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வைரவர் என்று ஒருவரும் எழுதவில்லை.

நாங்கள் அஹுன்ட்சிக் பக்கம் வீடு மாறிய பிறகும் பெரியம்மா பல்கனியில் வைத்தார். பனியிலும் வைத்தார். பெரியப்பாவைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. இந்தப் பனிக்காலத்தில், தை மாதத்தில், பெரியம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நித்திரையில்தான் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும், மரண அறிவித்தல் போடவேண்டும். இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் சகோதரி. அறிவித்தல் போடுகிற இடத்தில் பெயர்களை வாங்குகிற தம்பி போனில் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். பெற்றோருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போட்டாயிற்று. கணவரின் பெயரைச் சொன்னேன்.

"காலஞ்சென்ற எண்டு போடுறதுதானே, அக்கா?"

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே அம்மா பெரியம்மாவின் கூறைச் சீலையை மடியில் வைத்திருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது மந்தம், ஆனால் அந்தச் சொல் கேட்டிருந்தது.

"அதைப் போட வேண்டாம் எண்டு சொல்லு," என்றார்.

அது இல்லாமலே அறிவித்தல் வந்தது. அன்று பின்னேரமே லண்டனிலிருந்து ஒரு உறவுக்காரர் போன் எடுத்தார். துக்கம் விசாரித்துவிட்டு, "ஒரு பிழை விட்டிட்டியள், அவற்ற பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடேல்லை, திருத்தச் சொல்லுங்கோ" என்றார். பிழையில்லை என்றார் அப்பா. "அப்ப ஆள் இருக்கிறாரோ? எங்க இருக்கிறார்?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

அப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "அது எங்களுக்கென்னெண்டு தெரியும்?" என்றார். "இவ்வளவு காலமும் சாப்பாடு குடுத்தது அவவெல்லோ."